ஒயர் இயர்போனைக் கடையில் வைத்தே எடைபோட முடியுமா?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர். 500 ரூபாய்க்குள் வாங்கும் ஒயர் ஹெட்செட் எதுவும் ஒரு செமஸ்டரைத் தாண்டுவதில்லை. ஒரு பக்கம் செத்துப்போகிறது. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் "எக்ஸ்ட்ரா பாஸ், ஒரிஜினல்" என்கிறார்கள். நின்ற இடத்திலேயே நல்லதைக் கண்டுபிடிக்க வழி உண்டா, 1000 ரூபாய் போட்டால் இந்தத் தொல்லை விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்படிப் பாடும் என்பது ஒன்று, எத்தனை நாள் பாடும் என்பது இன்னொன்று. முதலாவதை அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொல்லவே முடியாது; காதில் மாட்டித்தான் சொல்ல வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் கடையில் நாம் செய்வது தலைகீழ். ஒலியை அட்டையில் படிக்கிறோம், ஒயரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிற ஆள். கொடை இல்லாத மாதங்களில் மேசை போட்டு உட்கார்ந்து ஆம்ப்ளிபயர், ரேடியோ, ஹெட்செட் என்று வருவதையெல்லாம் பழுது பார்க்கிறேன். அதனால் ஒயர், பின், சால்டரிங் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; அறுத்துப் பார்த்துச் சொல்வது. ஒலியைப் பற்றிச் சொல்வதில் ஒரு பங்கு என் காதின் பழக்கம். வயது ஏற ஏற யாருக்கும் உச்சத்து ஒலிகள்தான் முதலில் மங்கும். 20 வயதுக் காதுக்குக் கேட்கிற 15,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 15,000 அதிர்வு) ஒலி 50 வயதுக் காதுக்குப் பெரும்பாலும் கேட்காது. ஆகவே மேல்பக்கத்து நுணுக்கங்களில் என்னைவிட உங்கள் காதையே நம்புங்கள்.

அட்டையில் இருக்கும் எண்களை முதலில் ஒதுக்கிவிடலாம். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது மனிதக் காதின் எல்லை. அந்த எல்லைக்குள் இந்தப் பொருளின் சத்தம் எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "10 மில்லிமீட்டர் டிரைவர்" என்பதும் அப்படித்தான். உள்ளே இருப்பது ஒரு சின்னக் காந்தம், முடி மாதிரி மெல்லிய கம்பியில் சுற்றிய காயில், அது ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் படலம். படலம் எவ்வளவு மெல்லிசு, பின்னால் எவ்வளவு காற்றிடம், காற்று போகும் துளை எத்தனை பெரிசு, அந்தத் துளையின்மேல் என்ன காகிதம் ஒட்டியிருக்கிறது, இவையெல்லாம் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. 6 மில்லிமீட்டர் டிரைவர் 10 மில்லிமீட்டரை ஜெயிப்பது சாதாரணமாக நடக்கும். 16 ஓம், 32 ஓம் என்பதைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்த விலையில் வருகிற எல்லாவற்றையும் போன் தாராளமாக ஓட்டும். சத்தம் போதவில்லை என்கிற பிரச்சினையே வராது. 40,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் என்று சொல்கிற தங்க நிற ஹை-ரெஸ் முத்திரையும் நம் காதுக்குச் சம்பந்தமில்லாதது.

ஒலியில் நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: காதுக்குள் போகும் சிலிக்கோன் ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்றால் எந்த இயர்போனிலும் பாஸ் இருக்காது. கீழ்ஸ்தாயி ஒலி என்பது அந்தச் சின்ன இடத்துக் காற்றை அழுத்தி விடுவது. ஓரத்தில் இடைவெளி இருந்தால் அழுத்தம் அதன் வழியாகப் போய்விடும். "இதில் பாஸ் இல்லை, குடுத்துட்டு வேற வாங்கணும்" என்று கொண்டுவருகிறவர்களுக்கு ரப்பரை ஒரு அளவு மாற்றிப் போட்டுக் கொடுத்தாலே பாதிப் பேர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். சோதிப்பது எளிது. காதின் மேல்மடலை இன்னொரு கையால் மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு இயர்போனைச் செருகுங்கள். பாட்டு ஓடும்போது விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் பாஸ் குபுக்கென்று கூடினால் ரப்பர் சிறிது. அடுத்த அளவு போட வேண்டும். இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஒன்றில் நடுத்தரமும் மற்றதில் பெரிதும் போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் இல்லாத இயர்போனை, அது எந்தக் கம்பெனி ஆனாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். செருகும்போது உள்ளே படலம் நெளிகிற மாதிரி 'நொறுக்' என்று கேட்டால், அடைபட்ட காற்று போக வழி சரியாக இல்லை என்று பொருள். உடனே கெட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையில் வேறு பீஸ் இருக்கும்போது அதை எடுக்க வேண்டியதில்லை.

சரி, கடையில் போட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேட்பீர்கள். சீல் பிரிக்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் "அண்ணாச்சி, டெமோ பீஸ் இருந்தா குடுங்க, பிடிச்சா இப்பவே வாங்கிக்கிடுதேன்" என்று கேட்டால் ஜங்ஷன் பக்கத்திலும் டவுனிலும் பல கடைகளில் எடுத்துக் கொடுப்பார்கள். ரப்பரைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கடைக்காரர் போனில் இருக்கும் 'பாஸ் டெஸ்ட்' பாட்டைக் கேட்காதீர்கள். அது எதில் போட்டாலும் அதிரும்படி செய்தது. உங்கள் போனில் நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டை, டவுன்லோட் செய்து, ஈக்குவலைசர், டால்பி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இரண்டை ஒப்பிடும்போது பாடுகிறவர் குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் வரும்படி வால்யூமைச் சரிசெய்துகொள்ளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். அது காதின் இயல்பு, வியாபாரத்தில் அதைத் தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள்.

எந்தப் பாட்டு என்பதற்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரப் பதிவு ஒன்று. நம் ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் அல்ல. அந்தக் காலத்துப் பதிவுகள் மோனோ. இரண்டு பக்கமும் ஒரே ஒலி போகிறது. ஆகவே நாதஸ்வரம் தலைக்கு நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றிச் செருகுங்கள். சாய்வும் சேர்ந்து மறுபக்கம் போனால் இயர்போனில் குறை. இரண்டு டிரைவரும் பொருந்தவில்லை. சாய்வு அதே காதில் நின்றால் குறை பொருளில் இல்லை. அந்தக் காதில் ரப்பர் உட்காரவில்லை, அல்லது அழுக்கு இருக்கிறது. குறைந்த விலைப் பொருளில் அடிக்கடி நழுவுவது இந்த இடது வலது பொருத்தம்தான். ஒரே மாடலில் ஒரு பீஸ் நன்றாகவும் அடுத்தது சாய்வாகவும் இருக்கும். ஆகவே டெமோவில் திருப்தி என்றாலும் வாங்கின பீஸைப் பில் போட்டதும் அங்கேயே பிரித்து இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

நாதஸ்வரத்தில் இன்னொன்றும் தெரியும். நம் காதுத் துளையே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை இயற்கையாகத் தூக்கிக் கொடுக்கும். இயர்போன் துளையை அடைத்ததும் அந்தத் தூக்கல் மாறிவிடுவதால், செய்கிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். ஏற்றம் போதாவிட்டால் நாதஸ்வரம் எட்டத்தில் மங்கலாக நிற்கும்; தவில் முன்னால் வந்துவிடும். அதிகமானால் மேல் பஞ்சமம் போகும்போது முகம் சுளிக்கும். தவிலையும் கவனியுங்கள். வலது பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் ஓடும் வேகத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இடது பக்கமான தொப்பியில் கம்பு விழுவது அதற்குக் கீழே உருண்டையாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே களேபரமாகக் கேட்டால் வைத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு வில்லுப்பாட்டு. கொடையில் மைக் செட் கட்டுகிறவனுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. குடம், உடுக்கை, ஜால்ரா, வில்லில் கட்டிய மணிகள், நடுவில் கதை சொல்கிறவரின் குரல், பின்பாட்டுக்காரர்களின் "ஆமாம்". கேட்கிறவர்களுக்குக் கதைதான் முக்கியம். ஒரு வார்த்தை விழுங்கப்பட்டாலும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். இயர்போனிலும் அதே அளவுகோல்தான். குடத்தில் அடி விழுந்தால் 'தும்' என்று வந்து உடனே அடங்க வேண்டும். "எக்ஸ்ட்ரா பாஸ்" என்று விற்பதில் பல, 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மொத்தமாக வீங்கியிருக்கும். குடத்தின் சத்தம் அடங்காமல் பரவி ஆண் குரலின் அடிப்பகுதியை மூடிவிடும். பாஸ் அதிகம் என்பதே குறை கிடையாது. அது குரலின்மேல் ஏறி உட்காருவதுதான் குறை. வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டுக் கேட்டால் இது சட்டென்று பிடிபடும். தாழ்ந்த சத்தத்திலும் கதை வார்த்தை வார்த்தையாகப் புரிந்தால் அந்த இயர்போனை நம்பலாம்.

மேல்பக்கத்துக்கு, ஒரு பெண் குரல் பாட்டில் ச, ஸ, ஷ வரும் இடங்களைக் கேளுங்கள். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு கூர்மை வைத்துத் தயாரித்தால் கடையில் இரண்டு நிமிஷம் கேட்கும்போது "அடேயப்பா, எவ்வளவு தெளிவு" என்று தோன்றும். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் அதே 'ஸ்ஸ்' காதை அறுக்கும். ஆகவே முதல்முறை கேட்கும்போதே பளிச்சென்று இருப்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கடைக்காரர் பொறுமை உள்ளவரை ஒரே பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் நிலைமையில் பஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காதை அடைக்கும் இயர்போன் வெளிச் சத்தத்தில் கண்டக்டர் விசில், பேச்சு போன்ற மேல் ஒலிகளை நன்றாகத் தடுக்கும். இன்ஜினின் உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. அந்த உறுமல் பாட்டின் பாஸ் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து அதை மறைக்கும். அதனால்தான் வீட்டில் சமமாகக் கேட்கும் இயர்போன் பஸ்ஸில் சப்பென்று இருக்கும். பெரும்பகுதி பஸ்ஸில்தான் கேட்பீர்கள் என்றால் சற்று பாஸ் கூடின மாடல் உங்களுக்குத் தப்பில்லை. விமர்சனங்களில் "பாஸ் அதிகம்" என்று குறை சொல்லப்பட்ட ஒன்றே உங்களுக்கு ஒத்துவரலாம். ரப்பரே இல்லாமல் காதின் வாயில் சும்மா தொங்கும் வகை பஸ்ஸுக்கு ஆகாது. எல்லாச் சத்தமும் உள்ளே வரும், அதை மீற வால்யூமை ஏற்றுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். தினமும் போக வர பஸ்ஸில் முழு வால்யூமில் கேட்டால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும் தம்பி, போன காது திரும்பி வராது. நன்றாக அடைக்கிற ரப்பர் பாஸுக்கு மட்டும் அல்ல, இதற்கும்தான்.

இனி உழைப்பு. என் மேசைக்கு வரும் ஹெட்செட்களில் டிரைவர் எரிந்துபோனது அபூர்வம். ஏறக்குறைய எல்லாமே ஒயர் அறுந்தவை, அதுவும் நடு ஒயரில் அறுந்தவை குறைவு. போனில் செருகும் பின்னின் பக்கத்து முனை, மைக் பட்டன் பெட்டியில் ஒயர் நுழையும் இடம், காதுக் கிண்ணத்தின் அடி, இந்த மூன்றில் ஒன்று. ஆகவே கடையில் முதலில் பின்னைப் பிடியுங்கள். ஒயர் வெளியேறும் இடத்தில் ரப்பர் கழுத்து ஒன்று இருக்கும். பின்னைப் படுக்கை வசமாகப் பிடித்துக்கொண்டு ஒயரைத் தொங்கவிட்டால் அந்தக் கழுத்து ஒயரோடு சேர்ந்து வளைய வேண்டும். கழுத்து விறைப்பாக நின்று, அது முடியும் விளிம்பில் ஒயர் மட்டும் மடங்கினால், அறுபடும் இடத்தை அரை அங்குலம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்க்கப் பெரிதாக, உலோகப் பூச்சோடு இருக்கும் கழுத்துகளில் இந்தக் குறை அதிகம். இதே சோதனையைக் காதுக் கிண்ணத்தின் அடியிலும் செய்யுங்கள். கிண்ணத்தின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் நகத்தை வைத்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் பசை மட்டுமே பிடித்திருக்கிறது, வெயிலில் வண்டிக்குள் விட்டால் திறந்துகொள்ளும்.

பேண்ட் பாக்கெட்டில் போனை வைத்து பஸ்ஸில் உட்காருகிறவருக்கு நேர் பின் ஆகாது. உட்காரும்போதெல்லாம் தொடை அதை நெம்பும். ஒயரும் போகும், போனின் துளையும் தளரும். எல் வடிவப் பின் வாங்குங்கள். சட்டைப் பையில் வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. துணி சுற்றிய ஒயர் வலுவானது என்று நினைப்பது பரவலான ஏமாற்றம்: துணி வெளியேதான், உள்ளே அதே மெல்லிய இழைதான், அறுபடுவதும் அதே முனையில்தான். தட்டையான ஒயர் சிக்காது, ஆனால் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் கூடுதலாக வரும். கடையிலேயே பாட்டில்லாமல் ஒயரை விரலால் தடவிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பெரிதாகக் கேட்டால் நடக்கும்போது தொல்லை. ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் போட்டால் அது நன்றாகக் குறையும்.

ஒரு நோயை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காக நல்ல ஹெட்செட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. திடீரென்று பாடுகிறவர் குரல் காணாமல் போய், பின்னணி இசை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். பின்னில் நான்கு வளையங்கள் உண்டு. நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் வழி), நான்காவது மைக். அந்தக் கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால் இரண்டு டிரைவரும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, இடது வலதுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும் ஒலியாக வரும். பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது கழிந்துபோகும். நான் முன்பு சொன்ன மோனோ நாதஸ்வரத்தை அப்போது போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. இப்படி ஆனால் மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலில் போனின் பின்கவரைக் கழற்றிவிட்டுப் பின்னை முழுதாகச் செருகுங்கள்; தடித்த கவர் பின்னை உள்ளே போகவிடாமல் செய்வது அடிக்கடி நடப்பது. அப்புறம் மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் திரும்பி வந்தால் ஒயர் அறுபடவில்லை. கிரவுண்டும் மைக்கும் இடம் மாறிய பழைய முறைப் பின் அது, உங்கள் போனுக்குப் பொருந்தாது. கடைசியாகப் பின் கழுத்தை மெல்ல ஆட்டுங்கள். ஆட்டும்போது குரல் வந்து வந்து போனால் அங்கேதான் இழை அறுந்திருக்கிறது.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் அதுவும் எப்போதும் சாவு ஆகாது. ரப்பரைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் வலையைப் பாருங்கள். காது அழுக்கு படிந்து அடைத்திருந்தால், வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழிந்து படலமும் போகும். சின்ன எஃப்எம் ரேடியோவில் செருகினால் ஒரு பக்கம்தான் கேட்கிறது என்று பீடி சுற்றும் அக்காமார்கள் கொண்டுவருவார்கள். அது ரேடியோவின் துளை மோனோ என்பதால் வருவது, ஹெட்செட்டில் ஒன்றும் இல்லை.

உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்து ஆட்களின் ஹெட்செட் ஒயரை உரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றும் வியர்வையும் செய்கிற வேலை. உங்களுக்கு உப்புக் காற்று இல்லை, வியர்வை உண்டு. கேட்டு முடித்ததும் துடைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றி வையுங்கள். போனின்மேல் இறுக்கிச் சுற்றுகிறவர்கள் பின்னைத் துளையிலேயே விட்டுச் சுற்றுவார்கள். அதைவிட வேகமாகக் கழுத்தை முறிக்க வேறு வழி இல்லை.

"ஒரிஜினல்" என்பதற்கு வருகிறேன். போனோடு இலவசமாக வந்த பிரபல ஹெட்செட்களுக்குத்தான் போலிகள் அதிகம், ஏனென்றால் அவற்றின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், புகாருக்கான தொடர்பும் அச்சாகியிருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கு இந்தியச் சட்டம் கேட்பது அது. இவை இல்லாமல் கம்பெனி பெயர் மட்டும் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். கையில் பார்த்தால் எல், ஆர் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருக்கும், பின்னின் கறுப்பு வளையங்கள் உலோகத்தோடு மட்டமாக இல்லாமல் விரலில் தட்டும், மைக் பட்டன் அழுத்தினால் சொடுக்கு இல்லாமல் அமுங்கும். பெயரில்லாத நேர்மையான 200 ரூபாய்ப் பொருள் பெயர் திருடிய 400 ரூபாய்ப் பொருளைவிட மேல் என்பது என் கருத்து.

இப்போது அவ்வளவு உறுதி இல்லாத விஷயங்கள். புதிதாக வாங்கினதைப் பல மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மேம்படும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். படலம் கொஞ்சம் இளகலாம். ஆனால் ரப்பர் காதில் உட்காரும் விதம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வருகிறது, நம் காதும் சில நாளில் பழகிவிடுகிறது. அதனால் 'ஓடவிட்டால் சரியாகும்' என்று பிடிக்காத பொருளை வாங்காதீர்கள். இணையத்தில் வரும் அளவீட்டு வரைபடங்கள் பயனுள்ளவை. பாஸும் குரலும் எப்படி என்று அவற்றில் நன்றாகத் தெரியும். ஆனால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கோட்டை அப்படியே நம்ப வேண்டாம், அது அளக்கும் கருவியில் எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். உங்கள் காது வேறு. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆட்களைக் கேட்க வைத்துச் செய்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஒரே மாதிரி ஒலியை விரும்பினார்கள். ஆனாலும் பாஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். ஆகவே நான் நல்லது என்று சொல்வது உங்களுக்குச் சப்பென்று இருந்தால் நம் இருவரில் யாரும் தப்பில்லை.

1000 ரூபாய் கொடுத்தால் தீருமா? ஒலியைப் பொறுத்தவரை விலை உத்தரவாதம் தராது. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்துப் பார்த்ததில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே காணவில்லை. என் மேசை அனுபவமும் அதையே சொல்கிறது. ஆனால் உழைப்பில் விலை வேலை செய்கிறது, ஒரு குறிப்பிட்ட விஷயத்தில்: ஒயரைக் கழற்றி மாட்டும் வசதி. கேஇசட் (KZ) போன்ற சீன நிறுவனங்களின் பல மாடல்களில் காதுக் கிண்ணத்தில் இரண்டு சிறு ஊசிகளாக ஒயர் செருகும். ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கிண்ணம் பல வருஷம் ஓடும். ஒரு வருஷத்தில் மூன்று ஹெட்செட் வாங்குகிறவருக்கு இது லாபம். கழற்ற முடியாத ஒயரோடு 1000 ரூபாய் கேட்டால், கழுத்துச் சோதனையில் 400 ரூபாய்ப் பொருளைத் தெளிவாக ஜெயிக்காதவரை நான் கொடுக்க மாட்டேன். உங்கள் போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாமல் டைப்-சி மட்டும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: மலிவான மாற்றுக் கம்பிகளில் சில வெறும் ஒயர்தான், உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் இருக்காது. அது சில போனில் பாடும், சில போனில் பேசாது. உங்கள் போனிலேயே செருகிப் பார்க்காமல் டைப்-சி சாமான் எதையும் வாங்காதீர்கள்.

பழுது பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பின் முனையில் மட்டும் அறுந்திருந்தால் புதுப் பின் போடுவது செலவு குறைந்த வேலை. உள்ளே இருக்கும் இழைகள் ஒவ்வொன்றும் வண்ண வார்னிஷ் பூசியவை, நடுவில் நூல் இழையும் சேர்த்து முறுக்கியிருக்கும். அந்த வார்னிஷ் போனால்தான் ஈயம் பிடிக்கும். லைட்டரால் கொளுத்தினால் செம்பு கறுத்து, மொறுமொறுப்பாகிவிடும். ஒட்டினாற்போல் இருந்து சில வாரத்தில் விடும். சூடான சால்டரிங் இரும்பின் முனையில் ஈயத்துளி வைத்து, இழையை அதற்குள் அமுக்கி வார்னிஷை எரிக்க வேண்டும், பொறுமையான வேலை. வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் இடது வலது இரண்டின் ஓம் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா, பின்னை ஆட்டும்போது எண் துள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஆள் கேட்காமலே அதைச் செய்வார்.

செத்துப்போன பழைய ஹெட்செட்கள் வீட்டில் கிடந்தால் எறியாமல், புதிது வாங்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டைப் போட்டு மூன்று இடத்திலும் ஆட்டிப் பார்த்தால் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும். எல்லாமே பின்னின் கழுத்தில் போயிருந்தால் எல் பின்னும் சட்டைப் பையும் போதும், 500 ரூபாய்க்குள்ளேயே உங்கள் காரியம் முடியும். காதுக் கிண்ணத்தின் அடியில் போயிருந்தால் ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. கிண்ணத்தைப் பிடித்துக் கழற்றப் பழகுங்கள், அல்லது ஒயர் கழலும் மாடலுக்கு அந்த 1000 ரூபாயைக் கொடுங்கள்.